எதிரே வந்த சூப்பர் மார்க்கெட் விலையை இறக்கினால் மளிகைக் கடையும் இறக்க வேண்டுமா?

கேள்வி இது: "பதினைந்து வருஷமாக மளிகைக் கடை நடத்துகிறேன். நாலு கடை தள்ளி ஒரு சூப்பர் மார்க்கெட் கிளை திறந்திருக்கிறார்கள். சர்க்கரை, எண்ணெய், பருப்பெல்லாம் என் கொள்முதல் விலைக்கே விற்கிறார்கள். நானும் எல்லாப் பொருளுக்கும் 3 சதவீதம் குறைத்துவிடலாமா? பெரிய கம்பெனிகள் இந்த மாதிரி விலைப் போட்டியை எப்படிச் சமாளிக்கின்றன?"

எல்லாப் பொருளுக்கும் குறைக்காதீர்கள். வீரம் காட்டச் சொல்லவில்லை. கணக்குப் போட்டால் கட்டுப்படியாகாது, அவ்வளவுதான்.

மாதம் 6 லட்சம் ரூபாய்க்கு விற்கும் கடை என்று வைத்துக்கொள்வோம். எல்லாச் சரக்கையும் சேர்த்துப் பார்த்தால், கொள்முதல் போக விற்ற தொகையில் சராசரியாக 11 சதவீதம் நிற்கிறது, அதாவது 66,000 ரூபாய். இதுதான் மார்ஜின். வாடகை 15,000, கரண்ட் 6,000, ஓர் ஆள் சம்பளம் 14,000, வண்டி, பை, டேமேஜ் என்று 6,000; மொத்தச் செலவு 41,000. உங்கள் கைக்கு வருவது 25,000. இப்போது எல்லாவற்றிலும் 3 சதவீதம் குறைக்கிறீர்கள். அதே சரக்கு, அதே ஆட்கள், அதே அளவு விற்பனை. கல்லாவுக்கு 18,000 ரூபாய் குறைவாக வரும். கொள்முதல் விலை ஒரு பைசா குறையவில்லை, செலவும் குறையவில்லை. ஆக அந்த 18,000 முழுக்க உங்கள் 25,000-த்திலிருந்துதான் போகிறது. மிச்சம் 7,000.

சரி, விலை குறைந்தால் கூட்டம் கூடும், அதில் ஈடுகட்டலாம் என்று தோன்றும். எவ்வளவு கூட வேண்டும் என்பதற்கு ஒரு எளிய வாய்ப்பாடு இருக்கிறது. குறைக்கும் சதவீதத்தை, மார்ஜினிலிருந்து அந்தக் குறைப்பைக் கழித்து வரும் எண்ணால் வகுக்க வேண்டும். இங்கே 3-ஐ 8-ஆல் வகுத்தால் 37.5 சதவீதம். இன்று 100 மூட்டை போகிற கடையில் 137 மூட்டைக்கு மேல் போக வேண்டும். குறைந்த விலையிலேயே விற்பனை 8 லட்சத்தைத் தொட்டால்தான் பழைய 66,000 திரும்ப வரும். அத்தனை சரக்கைத் தூக்கி வைக்க இன்னோர் ஆள் வேண்டியிருந்தால் அவர் சம்பளம் தனி.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. விலையை நீங்கள் தொடவே இல்லை, அதனால் கொஞ்சம் வியாபாரம் அங்கே போய்விடுகிறது என்று வையுங்கள். எவ்வளவு போனால், விலையைக் குறைத்து எல்லோரையும் தக்கவைத்த நிலைக்குச் சமமாகும்? 3-ஐ 11-ஆல் வகுத்தால் 27 சதவீதம். நூறு ரூபாய் வியாபாரத்தில் இருபத்தேழு ரூபாய் எதிர்க்கடைக்குப் போனாலும், மொத்தமாக 3 சதவீதம் இறக்கியவருக்குக் கிடைக்கும் அதே லாபம் உங்களுக்கு நிற்கும். சூப்பர் மார்க்கெட் வந்த முதல் மாதம் பயத்தில் விலையை இறக்குகிறவர்கள், தாங்கள் இழக்கப்போவதைவிடப் பெரிய இழப்பைத் தாங்களே எழுதிக்கொள்கிறார்கள்.

மார்ஜின் மாறினால் இந்தக் கணக்கு எப்படிப் புரளும் என்று பாருங்கள். நூற்றுக்கு 40 நிற்கிற சரக்கில் 5 சதவீதம் குறைத்தால் 14 சதவீதம் கூடுதலாக விற்றால் போதும். 20 நிற்கிற சரக்கில் 33 சதவீதம் கூட வேண்டும். 10 நிற்கிற சரக்கில் விற்பனை இரண்டு மடங்காக வேண்டும். ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி போடுவதைப் பார்த்து மளிகைக்காரர் அதே மாதிரி செய்ய முடியாததற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, ஆடியில் கல்யாணம் கிடையாது, ஜவுளி வியாபாரம் படுத்துவிடும், தீபாவளிச் சரக்கு வருமுன் பழைய சரக்கைப் பணமாக்கியாக வேண்டும். முடங்கிக் கிடக்கும் பணத்தை எடுப்பதற்கான தள்ளுபடி அது. அரிசி பருப்புக்கு ஆடி மாதம் என்று ஒன்று இல்லை.

கணக்கில் இறங்குமுன் உங்கள் மார்ஜின் உண்மையில் எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். மூன்று இடத்தில் தவறு நடக்கிறது. 90 ரூபாய்க்கு வாங்கி 100-க்கு விற்றால், வாங்கிய விலையில் 11 சதவீதம், விற்ற விலையில் 10 சதவீதம். சேல்ஸ்மேன் சொல்வது பெரும்பாலும் பெரிய எண். மேலே சொன்ன வாய்ப்பாட்டுக்கு விற்ற விலையின் மேல் வரும் சதவீதம்தான் வேண்டும். அடுத்தது ஸ்கீம். "பத்துக்கு ஒன்று ஃப்ரீ" என்றால் 10 சதவீதம் குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். பத்தின் பணத்தில் பதினொன்று வருவதால் ஒரு துண்டின் விலை 9.1 சதவீதம்தான் குறைகிறது. அந்த ஸ்கீமுக்காக மூன்று மாதச் சரக்கை ஒரே தடவையில் இறக்கினால், பணம் சராசரியாக ஒன்றரை மாதம் முடங்கும். நூற்றுக்கு இரண்டு வட்டியில் புரட்டிய பணமாக இருந்தால் அதிலேயே 3 சதவீதம் போச்சு.

மூன்றாவது ஜிஎஸ்டி. காம்போசிஷனில், அதாவது விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் சிறு கடைகளுக்கான திட்டத்தில் இருக்கிற கடைக்கு, கொள்முதலில் கட்டிய வரி திரும்பி வராது. அதுவும் அடக்க விலையில் சேர்ந்துவிடும். அதற்கு மேல் வரிக்குரிய விற்பனையில் 1 சதவீதம் சொந்தக் கையிலிருந்து கட்ட வேண்டும், வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்க முடியாது. 5 சதவீத வரியுள்ள ஒரு பொருளை வரியோடு 94.50-க்கு வாங்கி 105-க்கு விற்றால், சாதாரணப் பதிவில் உள்ளவருக்கு 10 சதவீதம் நிற்கும், காம்போசிஷன்காரருக்கு 9 சதவீதம்தான். 3 சதவீதத் தள்ளுபடி இந்த ஒன்பதிலிருந்து போவது வேறு கதை. சாதாரணப் பதிவில் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தள்ளுபடியை பில்லிலேயே காட்டிக் கழித்தால்தான் குறைந்த தொகைக்கு வரி. கல்லாவில் வாய்வார்த்தையாகக் கழித்துக் கொடுத்தால் முழுத் தொகைக்கும் வரி உங்கள் தலையில்.

இனி எதிர்க்கடைக்கு வருவோம். உங்கள் கொள்முதல் விலைக்கே அவர்கள் விற்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் அது அவர்களின் கொள்முதல் விலை இல்லை. கம்பெனியிடமோ மில்லிலோ நேராக எடுப்பதால் இடையில் ஏஜென்டின் பங்கு இல்லை. கண்ணுக்கு நேரான ரேக்கில் வைப்பதற்குக் கம்பெனிகள் தனியாகப் பணம் தருகின்றன. "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்கிற அட்டைக்குப் பின்னால் பெரும்பாலும் கம்பெனியின் பணம்தான் இருக்கும். 12 சதவீத மார்ஜினில் எந்தக் கடையும் சொந்தச் செலவில் அதைச் செய்ய முடியாது.

இன்னும் முக்கியம், கடையில் இருக்கும் ஆயிரக்கணக்கான பொருள்களில் அவர்கள் உண்மையிலேயே இறக்கியிருப்பது கொஞ்சம்தான். சர்க்கரை என்ன விலை, சன்ஃபிளவர் ஆயில் என்ன விலை, துவரம்பருப்பு என்ன விலை என்று எல்லா வீட்டிலும் தெரியும். ஏலக்காய் 10 கிராம் என்ன விலை, பாத்திரம் தேய்க்கும் நார் என்ன விலை என்று யாருக்கும் மனப்பாடம் இல்லை. தெரிந்த பத்துப் பொருளில் மலிவாக இருந்தால் கடையே மலிவு என்று பெயர் வந்துவிடும். தெரியாத இருநூறில் அந்தப் பணம் திரும்ப வரும்.

ஆகவே செய்ய வேண்டியது ஒரு விலைக் கணக்கெடுப்பு. உங்கள் பில்களில் அடிக்கடி வருகிற 60 பொருள்களை எழுதுங்கள். ஒரு வாரநாள், ஒரு ஞாயிறு, மாதத்தின் முதல் வாரம் என மூன்று தடவை அந்தக் கடையின் விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். எடையையும் சேர்த்துக் குறிக்க மறக்க வேண்டாம். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் என்றால் ஏறக்குறைய 910 கிராம். பார்வைக்கு அதே அளவில் 850 கிராம், 800 கிராம் பாக்கெட்டுகளும் வருகின்றன. பன்னிரண்டு ரூபாய் மலிவு என்று ஓடிவருகிற செய்தி, கிராமுக்கு எவ்வளவு என்று பார்த்தால் மலிவே இல்லாமல் போகலாம். பருப்பிலும் அரிசியிலும் ரகம் ஒன்றுதானா என்று அரை கிலோ வாங்கிவந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இப்படிப் பார்த்தால் பொருள்கள் மூன்றாகப் பிரியும்: அவர்கள் தெளிவாக மலிவு, இருவரும் ஏறக்குறைய ஒன்று, நீங்கள் மலிவு. மூன்றாவது பட்டியல் காலியாக இருக்காது. முதல் பட்டியலில் ஐந்தாறு பொருளில் மட்டும் அவர்கள் விலைக்கோ, ஒரு ரூபாய் கூடவோ வாருங்கள். சர்க்கரை மாதம் 400 கிலோ, கிலோவுக்கு 2 ரூபாய் குறைத்தால் 800. துவரம்பருப்பு 150 கிலோ, 6 ரூபாய் வீதம் 900. எண்ணெய் 250 பாக்கெட், 4 ரூபாய் வீதம் 1,000. உளுந்து 100 கிலோ, 5 ரூபாய் வீதம் 500. டீத்தூள் கால் கிலோ 60 பாக்கெட், 5 ரூபாய் வீதம் 300. கூட்டினால் 3,500. எல்லாவற்றிலும் 3 சதவீதம் என்றால் 18,000 போகும் என்று பார்த்தோம். வாடிக்கையாளர் மனதில் பதியும் மாற்றம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அந்த 3,500-ஐ எங்கிருந்து எடுப்பது? கடுகு, சீரகம், மிளகு, பட்டை கிராம்பு, கற்பூரம், திரி, துடைப்பம், பிளாஸ்டிக் சாமான் போன்றவற்றில் ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் ஏற்றலாம். எல்லை ஒன்று உண்டு: அச்சிட்ட எம்ஆர்பிக்கு மேல் ஒரு காசு வாங்கக் கூடாது. நீங்களே பொட்டலம் போட்டு விற்பவற்றுக்கும் பெயர், எடை, விலை, தேதி, முகவரி எல்லாம் ஒட்டியிருக்க வேண்டும். அதோடு ஏற்றுவதில் நிதானம் வேண்டும். ஒரே வாரத்தில் இருபது பொருளில் ஏற்றினால் வழக்கமாக வருகிற அக்கா கண்டுபிடித்துவிடுவார். பிறகு சர்க்கரையில் கொடுத்த நல்ல பெயர் சீரகத்தில் போய்விடும்.

பெரிய கம்பெனிகள் எப்படிச் சமாளிக்கின்றன என்று கேட்டீர்கள். துணி சோப்புத்தூள் கதை இதற்குப் பொருத்தமானது. 1969-இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் வீட்டிலேயே தூள் கலந்து சைக்கிளில் கொண்டுபோய் விற்கத் தொடங்கினார். அதுதான் நிர்மா. விலை, அப்போதைய சர்ஃபில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. இங்கே கவனிக்க வேண்டியது விலைக்கு அடியில் இருந்த செலவு. சாதாரண மூலப்பொருள், சாதாரண உறை, பெரிய ஆலை இல்லை, ஏஜென்சிக் கூட்டம் இல்லை. அந்த விலையில் விற்றும் அவருக்கு லாபம் நின்றது. அதனால் அது தள்ளுபடியே இல்லை, நிரந்தர விலை. சர்ஃபைத் தயாரித்த இந்துஸ்தான் லீவர் அதன் விலையை அந்த மட்டத்துக்கு இறக்கியிருந்தால் சர்ஃப் வாங்கிக்கொண்டிருந்த எல்லா வீட்டிலும் வருமானத்தை இழந்திருக்கும். அது அப்படிச் செய்யவில்லை. 1980களின் பிற்பகுதியில் வீல் என்று தனிப் பெயரில், தனித் தயாரிப்பு முறையில், மலிவான ஒரு தூளைக் கொண்டுவந்தது. நிர்மாவோடு மோத வீல். சர்ஃப் தன் விலையில் அப்படியே.

உங்கள் கடையில் இதற்கு ஈடு, முதல் ரகத்தின் விலையை இறக்காமல் பக்கத்திலேயே இரண்டாம் ரகம் ஒன்றை வைப்பது. பொன்னி அரிசியிலும் துவரம்பருப்பிலும் இது எளிது. மலிவு தேடி வருகிறவருக்கு அது. ரகம் பார்க்கிறவருக்குப் பழையதே. இரண்டையும் கலந்து விற்கிற யோசனை மட்டும் வரவே கூடாது.

இருவரும் நேருக்கு நேர் இறக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் அதே சந்தையில் உதாரணம் உண்டு. 2004 மார்ச்சில் பிராக்டர் அண்ட் கேம்பிள் ஏரியல், டைடு விலைகளைக் கடுமையாகக் குறைத்தது. லீவர் சர்ஃப் எக்ஸெல் விலையை இறக்கிப் பதில் சொன்னது. அந்த ஆண்டு லீவரின் லாபம் பலமாக அடிவாங்கியது. அவ்வளவு பெரிய கம்பெனி தாங்கிக்கொண்டது. உங்கள் 25,000 தாங்காது. அதனால்தான் "எதிர்க்கடையைவிட ஒரு ரூபாய் குறைவு" என்று போர்டு எழுதி வைக்க வேண்டாம் என்பேன். அந்தக் கிளை மேலாளர் அதைப் போட்டோ எடுத்து மேலே அனுப்புவார், அடுத்த வாரம் அங்கே இரண்டு ரூபாய் குறையும். சத்தமில்லாமல் ஐந்து பொருளில் குறைத்தால் அவர்கள் கண்ணில் படவே படாது.

விலையைக் குறைக்காமலேயே விலையில் ஜெயிப்பது இன்னொரு வழி, இதில் தமிழ்நாட்டுக்காரர்கள் முன்னோடிகள். கடலூரில் சின்னிகிருஷ்ணன் சிறு பாக்கெட்டில் ஷாம்பு அடைத்து விற்கும் யோசனையைக் கொண்டுவந்தார். வெல்வெட் ஷாம்பு அந்த வீட்டில் பிறந்தது. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயோடு தனியாகச் சிக் ஷாம்பு தொடங்கினார். எந்தக் கம்பெனியின் காலி சாஷே ஐந்து கொடுத்தாலும் ஒரு சிக் இலவசம் என்றார். கொஞ்ச காலம் கழித்து சிக் காலி உறைக்கு மட்டும் என்று மாற்றினார். முதல் கட்டத்தில் மற்ற கம்பெனியின் வாடிக்கையாளரை இழுக்கிறார். இரண்டாம் கட்டத்தில் தன்னிடமே திரும்ப வர வைக்கிறார். பின்னாளில், 1999-இல், 50 காசு சாஷே வந்தது. மில்லிக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்காமல், கையில் இருக்கிற காசுக்கு ஒரு தடவை தலைக்குக் குளிக்க முடிகிறதா என்று பார்க்கிற வீடுகள் அதை வாங்கின.

சூப்பர் மார்க்கெட் ஒரு கிலோ, ஐந்து கிலோ, மாத லிஸ்ட் என்று ஓடுகிறது. 20 ரூபாய்க்குப் பருப்பு, 10 ரூபாய்க்கு எண்ணெய் என்று வருகிறவரை அங்கே யாரும் கவனிப்பதில்லை. அந்த அளவுகளில் மார்ஜினும் கூட நிற்கும், வாங்குகிறவரும் விலையை ஒப்பிட மாட்டார். 50 கிராம், 100 கிராம், 200 கிராம் பொட்டலங்களை முன்கூட்டியே போட்டு முன்வரிசையில் வையுங்கள். எம்ஆர்பி ஒட்டிய பிராண்டு பொருளை விலை குறைத்து விற்பதைவிட இது கூடுதலாகக் கொடுக்கும்.

தள்ளுபடியே போடுவதென்றால் எந்தச் சரக்கில் என்பது முக்கியம். பிஸ்கட், மிக்சர், நூடுல்ஸ், ஜூஸ் எல்லாம் வீட்டில் இருந்தால் தீர்ந்துவிடும். மலிவாக இரண்டு வாங்கியவர் அடுத்த வாரமும் வருவார். சோப்பு, துணித்தூள், பேஸ்ட் அப்படியில்லை. மலிவு என்று ஆறு சோப்பு வாங்கியவர் ஆறு மடங்கு கை கழுவுவதில்லை; அடுத்த இரண்டு மாதம் சோப்பு வாங்க மாட்டார். உங்களிடம் முழு விலைக்கு வாங்கியிருக்க வேண்டியதை இன்றே மலிவாக எடுத்துக்கொண்டார். ஆக, தள்ளுபடி ஓடிய வாரத்தின் விற்பனையை மட்டும் பார்த்து மகிழாதீர்கள். அதற்கு முந்தைய நாலு வாரம், தள்ளுபடி வாரம், பிந்தைய ஆறு வாரம் என்று சேர்த்து எத்தனை துண்டு போனது, எவ்வளவு நின்றது என்று பாருங்கள். பெரும்பாலான சோப்புத் தள்ளுபடிகள் இந்தக் கணக்கில் தோற்கும்.

தேதி நெருங்கும் சரக்கு இதில் சேராது. 45 நாள் இருக்கும்போதே கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளுமா என்று கேட்டுவிடுங்கள். எடுக்காது என்றால் 10 சதவீதம் தள்ளுபடி, 30 நாள் இருக்கும்போது 25 சதவீதம், பதினைந்து நாளில் வந்த விலைக்கு. கடைசி வாரம் வரை வைத்திருந்தால் மொத்தமும் டேமேஜ்.

குறைத்த விலையை மறுபடி ஏற்றுவது, குறைப்பதைவிடப் பெரிய தலைவலி. மூன்று மாதம் 138-க்கு விற்ற பருப்பு 146-க்குத் திரும்பினால், வாடிக்கையாளர் கணக்கில் அது விலையேற்றம். எனவே எந்தச் சலுகைக்கும் முடிவுத் தேதி எழுதுங்கள்: "வரும் ஞாயிறு வரை". இதோடு சேர்ந்த இன்னொன்று, நீங்கள் ஏற்கெனவே எம்ஆர்பிக்குக் கீழே விற்றுக்கொண்டிருந்தால் அது யாருக்கும் தெரிவதில்லை. அமெரிக்காவில் ஜேசி பென்னி என்கிற பெரிய கடைத்தொடர் 2012-இல் கூப்பன், தள்ளுபடி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, எல்லா நாளும் ஒரே நியாய விலை என்று மாறியது. யோசனை நேர்மையானதுதான். ஆனால் பழைய விலையை அடித்துப் புது விலை எழுதியதைப் பார்த்துப் பழகிய வாடிக்கையாளர்களுக்கு, எதைவிட மலிவு என்றே தெரியாமல் போயிற்று. ஓர் ஆண்டில் விற்பனை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு விழுந்தது, தலைமை நிர்வாகி 2013 ஏப்ரலில் வெளியேற்றப்பட்டார். உங்களுக்கு இதில் இருக்கிற வேலை சின்னது. பில்லில் எம்ஆர்பி ஒரு பத்தியிலும் உங்கள் விலை இன்னொரு பத்தியிலும் வருமாறு செய்து, கீழே "இந்த பில்லில் உங்களுக்கு மிச்சம் 34 ரூபாய்" என்று அச்சிடச் சொல்லுங்கள். பில் சாஃப்ட்வேர்கள் பலவற்றில் இந்த வசதி இருக்கிறது. இதற்குச் செலவே இல்லை.

கடன் நோட்டும் விலைதான், நாம் அப்படிப் பார்ப்பதில்லை. மாதம் முழுக்க வாங்கி அடுத்த மாதம் ஏழாம் தேதி கொடுக்கிறவர் சராசரியாக இருபத்திரண்டு நாள் உங்கள் பணத்தில் சாப்பிடுகிறார். நூற்றுக்கு இரண்டு வட்டியில் அது ஏறக்குறைய ஒன்றரை சதவீதம். அவருக்குக் கடனும் கொடுத்து, சர்க்கரையில் இரண்டு ரூபாயும் குறைத்தால் இரண்டு தடவை தள்ளுபடி. குறைத்த விலை ரொக்கத்துக்கு மட்டும் என்று வைப்பது நியாயம். சொல்வதற்குச் சங்கடமாக இருந்தால் பில்லிலேயே கடன் விலை, ரொக்க விலை என்று இரண்டாகப் போட்டுவிடலாம்.

டோர் டெலிவரியும் அப்படித்தான். ஒரு தடவை போய்வர 20 ரூபாய் ஆகிறது என்றால், 500 ரூபாய் ஆர்டரில் நிற்கிற 55-இல் 35 மிஞ்சும். 150 ரூபாய் ஆர்டரில் நிற்பதே 16.50. குறைந்தது 400 ரூபாய் என்று வையுங்கள்.

கொள்முதல் பக்கம் கிடைக்கும் ஒரு சதவீதம், விற்பனைப் பக்கம் குறைக்கும் ஒரு சதவீதத்தைவிட எளிது. டிமார்ட் என்கிற சூப்பர் மார்க்கெட் தொடர் எல்லா நாளும் மலிவாக விற்க முடிவதற்குப் பின்னால், பெரும்பாலான கட்டடங்களைச் சொந்தமாக வைத்திருப்பதும் சரக்குக்காரர்களுக்குச் சீக்கிரம் பணம் கொடுத்து விலையைக் குறைத்து வாங்குவதும் இருக்கின்றன. சிறிய அளவில் நீங்களும் செய்யலாம். ஏஜென்டிடம் இரண்டு வாரக் கடனுக்குப் பதில் இறக்கியவுடன் பணம் என்று சொல்லி ரொக்கக் கழிவு கேளுங்கள். பக்கத்து ஊர்க் கடைகள் நாலைந்து சேர்ந்து விருதுநகரிலிருந்து பருப்பையும் மிளகாயையும் ஒரே வண்டியில் இறக்குங்கள். சேர்ந்து வாங்கலாம், சேர்ந்து விலை வைக்கக் கூடாது. "இனி யாரும் இதற்குக் கீழே விற்கக் கூடாது" என்று சங்கத்தில் தீர்மானம் போட்டால் அது போட்டிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் மாட்டும். கம்பெனியே கடைக்காரரிடம் "இதற்கு மேல் தள்ளுபடி தராதே" என்று கட்டுப்படுத்தினாலும் அதே பிரிவுதான். டீலர்களின் தள்ளுபடியைக் கட்டுப்படுத்தியதற்காக மாருதி சுஸுகிக்கு 2021-இல் போட்டி ஆணையம் 200 கோடி அபராதம் விதித்தது.

அடக்க விலைக்குக் கீழே விற்கிறார்கள் என்று புகார் கொடுக்கலாமா என்ற யோசனை அடுத்து வரும். அதே போட்டிச் சட்டத்தின் 4-ஆம் பிரிவில் அதற்கு இடம் உண்டு, ஆனால் விற்பவர் சந்தையில் ஆதிக்க நிலையில் இருக்க வேண்டும், செலவுக்குக் கீழே விற்க வேண்டும், போட்டியாளரை ஒழிக்கும் நோக்கம் இருக்க வேண்டும். ஜியோ 2016 செப்டம்பர் 5-இல் வந்து 2017 மார்ச் கடைசி வரை இலவசமாகவே கொடுத்தது. ஏர்டெல் புகார் கொடுத்தது. புதிதாக வந்த கம்பெனிக்கு ஆதிக்கம் இல்லை என்று 2017 ஜூனில் ஆணையம் அதைத் தள்ளியது. தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு இருந்த ஏர்செல், கடன் சுமையும் சேர, 2018 பிப்ரவரியில் திவால் மனு போட்டது. வோடபோனும் ஐடியாவும் அதே ஆண்டு ஆகஸ்டில் ஒன்றாயின. 2019 டிசம்பரில் மிஞ்சிய மூன்று தனியார் கம்பெனிகளும் கட்டணத்தை ஏற்றின. நீண்ட நாள் நஷ்டத்தைத் தாங்கும் பணம் இருப்பவர் விலைப் போரைத் தொடங்கினால் இப்படித்தான் முடியும். ஏர்டெல்லுக்கே கிடைக்காதது ஒரு தெருக்கடைக்குக் கிடைக்கும் என்று வக்கீலுக்குச் செலவழிக்க வேண்டாம்.

மூன்று மாதம் இதை ஓட்டிப் பாருங்கள். தினமும் இரண்டு எண்களை எழுதி வையுங்கள்: எத்தனை பில், ஒரு பில்லுக்குச் சராசரி எவ்வளவு. பில் எண்ணிக்கை அப்படியே இருந்து சராசரி மட்டும் குறைந்தால், மாத லிஸ்ட் அங்கே போகிறது, அவசரத்துக்கு உங்களிடம் வருகிறார்கள். அப்போது ஐந்து கிலோ, பத்துக் கிலோ அரிசி மூட்டையில்தான் விலையைப் பார்க்க வேண்டும். பில் எண்ணிக்கையே குறைந்தால் காரணம் விலையாக இல்லாமலும் இருக்கலாம். கடை திறக்கும் நேரம், இருக்க வேண்டிய சரக்கு இல்லாதது, யுபிஐ இல்லாதது எல்லாம் அதில் சேரும். 11 சதவீத மார்ஜினில் 41,000 செலவுக்கு மாதம் 3 லட்சத்து 73 ஆயிரம் விற்றாக வேண்டும். உங்கள் கைக்கு ஒரு ரூபாய் வருவது அதற்குப் பிறகுதான். மூன்று மாத முடிவில் விற்பனை 4 லட்சத்துக்குக் கீழே நின்றால் விலையை மறுபடி இறக்குவதைப் பற்றி யோசிக்காதீர்கள். வாடகையை மறுபடி பேசுவது, கடையின் பாதியைக் குறைத்து மாவு, காய்கறி, பால் என்று தினமும் ஆள் வருகிற சரக்குக்கு மாறுவது ஆகியவற்றில் இறங்குங்கள்.